ஒரு ‘தான்’ செய்த வேலை

நண்பர் ஒருவர் தன் முதல் சிறுகதையை அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார். பஸ்ஸில் நின்றபடியே படித்துவிட்டு, ‘நல்லாத்தான் எழுதியிருக்கீங்க’ என்று வாட்ஸ்அப்பில் பதில் போட்டேன். இரண்டு நாள் ஆளிடமிருந்து சத்தமே இல்லை. அப்புறம் விசாரித்தால், மனிதர் அந்தத் ‘தான்’ஐப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறார். ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா...’ அந்த ஆனாவுக்குப் பிறகு நான் சொல்லாததையெல்லாம் அவரே சொல்லிக்கொண்டு நொந்துபோயிருக்கிறார்.

‘நல்லாவே எழுதியிருக்கீங்க’ என்றிருந்தால்? உங்களிடம் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை என்ற வியப்பு ஒட்டிக்கொள்ளும். ‘நல்லா எழுதியிருக்காராம்’ என்றால், யாரோ சொன்னார்கள், எனக்கென்னவோ நம்பிக்கையில்லை. சேதி ஒன்றுதான், தொனியைத் திருப்புவது வாலில் ஒட்டும் ஓரிரு எழுத்து. இப்படி ஒட்டும் சொற்களைப் பேசும் தொல்காப்பியத்தின் இடையியல் என்ற பகுதி ஏகாரத்துக்கு ஐந்து பொருளும் ஓகாரத்துக்கு ஆறு பொருளும் சொல்கிறது. அந்த ஆறில் ஒன்று ஒழியிசை. ‘படிக்கவோ வந்தாய்?’ என்று கேட்டால், இல்லை, ஊர்சுற்றத்தான் வந்தாய் என்பது சொல்லாமல் விட்ட மிச்சம். நண்பர் மாட்டிக்கொண்டதும் இப்படியொரு மிச்சத்தில்தான்.

எழுதிய எனக்கு இது ஏன் தெரியவில்லை? ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலிய அமெரிக்க உளவியலாளர்கள் 2005இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கிண்டலாகச் சில வாக்கியங்கள், நிஜமாகவே சில வாக்கியங்கள். ஒருவர் குரலிலோ மின்னஞ்சலிலோ அனுப்ப, மற்றவர் எது எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும். சுமார் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்கள். குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் வரை வந்தார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56 சதவீதம்தான். காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைத்துவிடும். எழுதும்போது நம் குரல் நம் காதுக்குள்ளேயே ஓடுகிறது, அது எழுத்திலும் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். அவ்வளவுதான் விஷயம்.

குரல் போய்ச் சேராத இடத்தில், தொனிக்குப் பெயர் தெரிந்திருப்பது கைகொடுக்கும். கிண்டலில் எதிராளியும் சேர்ந்து சிரிக்க இடமுண்டு. நக்கல் ஒரு படி மேலே நின்று பார்க்கும். குத்தலுக்குச் சிரிப்பே தேவையில்லை, வலித்தால் போதும். வருத்தத்திலும் இப்படித்தான்: ஆதங்கம் உரிமையுள்ளவரிடம் படுவது, அங்கலாய்ப்பு எதிர்ப்பட்டவரிடமெல்லாம் கொட்டுவது, புலம்பலுக்கு எதிரே ஆள்கூட வேண்டாம். அனுப்பும் முன் ‘இது கிண்டலா, குத்தலா?’ என்று கேட்டுக்கொள்ள முதலில் அந்த இரண்டு சொல்லும் கையில் இருக்க வேண்டுமே.

சரி, பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துவிடலாமா? நான் வேண்டாம் என்பேன். உடுப்புகளின் பெயர்கள் போல ஒரே வகையைச் சேர்ந்த புதுச் சொற்களை ஒன்றாகக் கற்றால், தொடர்பில்லாத சொற்களைக் கற்பதைவிட அவை மெதுவாகத்தான் மனத்தில் ஏறுகின்றன என்று மொழி கற்றலை ஆராய்ந்த தாமஸ் டிங்கம் 1993இலேயே காட்டினார். ஒத்த பொருளுள்ள சொற்கள் நினைவில் ஒன்றையொன்று இடிக்கின்றன. மேலே நான் செய்ததுபோல கிண்டல், நக்கல், குத்தல் மூன்றையும் ஒரே மூச்சில் கொடுப்பது கட்டுரைக்குச் சரி, படிக்கிற பிள்ளைக்குச் சரியில்லை.

ஒரு சமயத்தில் ஒரு சொல், அதற்கு ஒரு வாக்கியம். ஆதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘நீங்களாவது சொல்லியிருக்கலாமே.’ இதில் ‘ஏ’யைக் கழற்றிப் பாருங்கள், உரிமை கொஞ்சம் விலகி, குரல் விறைக்கிறது. ‘ஆவது’ஐயும் கழற்றினால் ‘நீங்கள் சொல்லியிருக்கலாம்.’ சொன்னாரா இல்லையா என்று ஊகிக்கிற வாக்கியமாகக்கூட அதைப் படிக்கலாம். ஆதங்கம் போன இடம் தெரியவில்லை.