இச்சாதாரி: நினைத்த உருவம் எடுப்பவள்

'நாகினி' தொடர் தமிழில் சன் டிவியில் ஓடிய நாள்களில், பூத் தொடுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்த என் அத்தை ஒருநாள் கேட்டார்: "பழிவாங்க வந்த வீட்டுப் பையனிடமே மனத்தைக் கொடுத்துவிட்டாளே, இவள் என்ன நாகினி?" நினைத்தபோது பெண்ணுரு எடுக்கும் பாம்பை அந்தத் தொடர் 'இச்சாதாரி நாகினி' என்கிறது. அவர் கேள்விக்கு விடை அந்த 'இச்சாதாரி' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இது வடசொல். இச்சா என்றால் விருப்பம், தமிழில் இச்சை. தாரி என்றால் தரிப்பவர். வேடதாரி, ஆயுததாரி என்று நாம் வழங்குவதும் இதே தாரிதான். ஆனால் வேடதாரியின் வேடம் உடலுக்கு மேலே நிற்கும். இச்சாதாரிக்கோ உடலே வேடம். அதை நெய்வது விருப்பம். 2015 நவம்பரில் தொடங்கிய இந்தி மூலத்தின் முதல் பருவத்தில் சிவன்யா, பெற்றோரைக் கொன்றவர்களைத் தேடிப் பெண்ணுருவில் வருகிறாள். அந்த வீட்டுப் பையன் ரித்திக்கின் மனைவியாகி, அவனை நேசிக்கத் தொடங்கியதும் தடுமாறுகிறாள். பலர் இதைக் கதாபாத்திரத்தின் பலவீனம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விருப்பத்தால் உடல் பெற்றவளுக்கு விருப்பம் இரண்டாகப் பிளந்தால் உடலும் உயிரும் சேர்ந்தே ஆடும். துணையாக வந்த இன்னொரு நாகினி சேஷா அதே ரித்திக்கை விரும்பிச் சிவன்யாவுக்கே பகையாவதும் இந்தச் சொல்லுக்குள் அடங்கும். உருவத்தை மட்டுமல்ல, உறவையும் இச்சை மாற்றிவிடுகிறது.

இந்தக் கருத்து தொலைக்காட்சிக்கு முந்தியது. வால்மீகியின் சூர்ப்பணகை தன்னைக் 'காமரூபிணி' என்கிறாள். காமம் என்பதற்கு அங்கே விருப்பம் என்றே பொருள். கம்பனில் அவள் அழகிய வடிவெடுத்து வந்து 'காமவல்லி' என்று பெயர் சொல்கிறாள்.

இச்சாதாரி நாகினியைத் தமிழில் 'உருமாறும் நாகம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. பால் தயிராக மாறுகிறது. பால் அதை விரும்பியா மாறுகிறது? மாறுதலில் விருப்பம் இல்லை, எடுத்தலில் இருக்கிறது. 'நினைத்த உருவம் எடுக்கும் பாம்பு' என்ற பேச்சு வழக்கே இதைவிடச் சரி. ஒரே சொல்லாக வேண்டுமென்றால் 'வேண்டுரு நாகினி' என்பேன். வேண்டுரு வினைத்தொகை: வேண்டிய உரு, வேண்டுகின்ற உரு, வேண்டும் உரு என மூன்று காலமும் அதில் ஒளிந்திருக்கின்றன. பழிக்காக நேற்று வேண்டிய உருவும் ரித்திக்குக்காக இன்று வேண்டுகின்ற உருவும் சிவன்யாவுக்கு ஒன்றே. ஆண்பாலுக்கு வேண்டுரு நாகன் எனலாம்.