அதிக மரியாதைக்குரிய தொழில் எது? தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஒரு பதில்

பள்ளி மாணவர்களிடம் பேசப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும்: சமூகத்தில் மிகவும் மரியாதைக்குரிய தொழில் எது? கேட்கிற பிள்ளையின் கண் என் வெள்ளை அங்கியின் மேல் இருக்கும். விடையை ஏற்கெனவே முடிவு செய்துகொண்டுதான் கேட்கிறார்கள் என்பது தெரியும். நான் மருத்துவர்தான். ஆனால் நான் பார்ப்பது தொற்றுக் கட்டுப்பாட்டு வேலை. ஒரு நோயோடு உள்ளே வந்தவருக்கு மருத்துவமனையிலேயே இன்னொரு நோய் ஒட்டிக்கொண்டால், அது எந்தக் கையிலிருந்து, எந்தக் கருவியிலிருந்து, எந்தக் கட்டிலிலிருந்து வந்தது என்று தேடிப் போவது என் பொறுப்பு. அந்தத் தேடலில், பிற மருத்துவர்கள் அதிகம் நுழையாத குப்பை சேகரிக்கும் அறை, சலவைப் பிரிவு, அடித்தளத்திலுள்ள கிருமிநீக்கப் பிரிவு ஆகியவற்றின் கதவுகளை நான் பல ஆண்டுகளாகத் தட்டி வந்திருக்கிறேன். அதனால் அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடிவதில்லை.

தொழில்களை மதிப்பின்படி வரிசைப்படுத்தும் முயற்சி புதிதல்ல. 1947-இல் அமெரிக்காவில் 90 தொழில்களைக் கொடுத்து மக்களிடம் மதிப்பிடச் சொன்னார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி முதலிடத்திலும் மருத்துவர் அவருக்கு மிக அருகிலும் வந்தார்கள்; குப்பை அள்ளுபவரும் தெருக் கூட்டுபவரும் காலணிக்கு மெருகிடுபவரும் கடைசியில் நின்றார்கள். 1963-இல் அதே ஆய்வை மறுபடி நடத்தியபோது வரிசை ஏறக்குறைய அப்படியே இருந்தது. 2007-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ இதழ் தன் வாசகர்களிடம் வேறொரு கேள்வி கேட்டது: 1840-க்குப் பிறகு மருத்துவத்தில் நிகழ்ந்த மிகப் பெரிய முன்னேற்றம் எது? வாக்களித்த 11,000-க்கும் மேற்பட்டோரில், மற்ற எதையும்விட அதிகம் பேர் தேர்ந்தெடுத்தது, சுத்தமான குடிநீரும் கழிவுநீர் அகற்றலும் அடங்கிய சுகாதார ஏற்பாட்டைத்தான். ஆன்டிபயாட்டிக் இரண்டாம் இடத்துக்கும் மயக்க மருந்து மூன்றாம் இடத்துக்கும் போயின. ஆக, மருத்துவ உலகமே தலையாயது என்று ஒப்புக்கொள்ளும் வேலையைக் கையால் செய்பவர்கள், மதிப்பின் வரிசையில் கடைசிப் படியில் நிற்கிறார்கள்.

மதிப்பு குறைவாகக் கிடைப்பது மட்டுமே சிக்கல் என்று நான் சொல்ல மாட்டேன். அளவுக்கு மிஞ்சிய மதிப்பும் ஆளைக் கொல்லும். வியன்னாப் பொது மருத்துவமனையில் 1840-களில் இரண்டு மகப்பேறு பிரிவுகள் இருந்தன. முதலாவதில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். 1841 முதல் 1846 வரை முதல் பிரிவில் நூற்றுக்குச் சுமார் 10 தாய்மார்கள் இறந்தார்கள். மருத்துவச்சிகளின் பிரிவில் சுமார் 4 பேர். எந்த நாளில் வந்தால் எந்தப் பிரிவு என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால், முதல் பிரிவுக்கு மட்டும் அனுப்ப வேண்டாம் என்று பெண்கள் கெஞ்சினார்கள். படித்தவர்களின் பிரிவைக் கண்டு அஞ்சிய அந்தப் பெண்களின் கணக்கு சரியாக இருந்தது.

அங்கே பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், 1847-இல் தன் நண்பர் கொல்லெட்ச்கா பிணப் பரிசோதனையின்போது கத்தி கீறி இறந்ததை அறிந்தார். நண்பருடைய உடலில் தெரிந்த மாற்றங்களும் பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மார்களின் உடலில் தெரிந்தவையும் ஒன்றுபோல் இருந்தன. மருத்துவர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலையில்லை. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பிறகே தாயைத் தொட வேண்டும் என்று அந்த ஆண்டு மே மாதம் அவர் விதி செய்தார். ஏப்ரலில் 18 விழுக்காட்டைத் தாண்டியிருந்த இறப்பு ஜூனில் 2 விழுக்காட்டுக்கு அருகில் வந்தது. ஆனாலும், தங்கள் கைதான் சாவைச் சுமந்து சென்றது என்பதை அன்றைய மருத்துவர்களில் பலரால் ஏற்க முடியவில்லை. செம்மல்வைஸ் 1865-இல் ஒரு மனநலக் காப்பகத்தில் இறந்தபோதும் அவருடைய கருத்து பரவலான ஏற்பைப் பெற்றிருக்கவில்லை.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஜெனீவாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1994-இல் கைச் சுத்தத்தைக் கண்காணித்தபோது, கை கழுவ வேண்டிய தருணங்களில் செவிலியர்கள் பாதிக்குச் சற்று மேல் கழுவினார்கள். மருத்துவர்கள் ஏறக்குறைய 30 விழுக்காடு மட்டுமே கழுவினார்கள். என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டுக் கையைச் சுத்தம் செய்யாமலேயே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். கை கழுவுவதைப் பற்றி வகுப்பெடுக்கும் ஆள் நான்! உடன் வந்த இளம் செவிலியர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நானே கேட்டபோது, "உங்களிடம் எப்படிச் சொல்வது, டாக்டர்?" என்றார். அந்த நோயாளிக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் அன்று நின்றது எனக்குக் கிடைத்த மரியாதைதான்.

நான் நேரில் கண்ட ஒரு வாஷ்பேசின் கதையும் ஏறக்குறைய அதே வகைதான். ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் அடுத்தடுத்துச் சில நோயாளிகளுக்கு, பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கட்டுப்படாத ஒரே வகைக் கிருமி வந்துகொண்டிருந்தது. வென்டிலேட்டர் குழாய்களையும் மருந்துப் புட்டிகளையும் பணியாளர்களின் கைகளையும் சோதித்தோம். மூன்று வாரங்கள் கூட்டம் போட்டுப் பேசினோம். ஒரு மாலை, நான் அந்த அறையில் தனியாக நின்றிருந்தபோது, பல ஆண்டுகளாக அங்கே தரை துடைத்துவந்த அம்மா ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, "டாக்டர், இந்த வாஷ்பேசினில் தண்ணீர் சீக்கிரம் இறங்குவதில்லை. மிச்சம் மீதி பானத்தையெல்லாம் இதில்தான் ஊற்றுகிறார்கள். குழாயை வேகமாகத் திறந்தால் பக்கத்து மேசை வரைக்கும் தெறிக்கும், அந்த மேசையைத் தினமும் நான்தான் துடைக்கிறேன்" என்றார். அந்த மேசையில்தான் ஊசி மருந்துகளைக் கலந்துவந்தார்கள்.

வடிகுழாயின் உட்சுவரில் கிருமிகள் வழவழப்பான ஒரு படலமாகப் படிந்து பெருகும் என்பதும், இனிப்பும் சத்தும் உள்ள திரவங்கள் அந்தப் படலத்துக்குத் தீனியாகும் என்பதும், நீர் நேரடியாக வடிதுளையின் மேல் விழும்போது கிருமி தெறித்து வெளியே வரும் என்பதும் எங்கள் துறையில் நன்கு பதிவானவை. பாடம் எங்களுக்குத் தெரியும். அந்த வாஷ்பேசின் அவருக்குத் தெரியும். வடிகுழாயில் எடுத்த மாதிரியில் அதே கிருமி இருந்தது. மேசையை இடம் மாற்றி, வடிகுழாயை மாற்றி, பானங்களை அதில் ஊற்றுவதை நிறுத்திய பிறகு புதிய நோயாளிகளுக்கு அது வரவில்லை. இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். மேற்பார்வையாளரிடம் இரண்டு முறை சொன்னதாகவும், "உன் வேலையைப் பார்" என்று பதில் வந்ததாகவும் சொன்னார். எங்கள் கூட்டங்கள் எதற்கும் அவரை நாங்கள் அழைக்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

தூய்மைப் பணி படிப்பறிவு தேவைப்படாத வேலை என்று நினைப்பவர்களுக்கு, ஓர் அறையை ஒரு நோயாளி காலி செய்த பின் அடுத்தவருக்காகத் தயார்படுத்துவதில் என்னவெல்லாம் இருக்கிறது என்று சொல்ல விரும்புகிறேன். கட்டிலின் பக்கவாட்டுக் கம்பி, அழைப்பு மணிப் பொத்தான், மின்விளக்குச் சுவிட்ச், கதவுக் கைப்பிடி, கழிப்பறையின் நீர்விசை ஆகியவை கைகள் அதிகம் தொடும் இடங்கள். முந்தைய நோயாளிக்குச் சில வகைக் கிருமிகள் இருந்திருந்தால், அதே அறைக்கு வரும் அடுத்த நோயாளிக்கும் அவை தொற்றும் வாய்ப்பு கூடுகிறது. கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற கிருமியின் வித்துகள் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். நாம் பெரிதும் நம்பும் ஆல்கஹால் திரவம் அவற்றைக் கொல்லாது. அதற்குக் குளோரின் சார்ந்த கிருமிநாசினி வேண்டும். அதையும் சரியான அளவில் கலந்து, துடைத்த பரப்பு குறிப்பிட்ட நிமிடங்கள் ஈரமாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தோடு தவறிக் கலந்துவிட்டால் நச்சு வாயு கிளம்பும். இத்தனையையும் தெரிந்து செய்ய வேண்டியவருக்கு நாங்கள் கொடுக்கும் பயிற்சி எவ்வளவு? அடுத்த நோயாளி வாசலில் காத்திருக்கும்போது கொடுக்கும் நேரம் எவ்வளவு? கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் மையைப் பரப்புகளில் தடவி, சுத்தம் செய்த பின் புற ஊதா விளக்கில் பார்க்கும் சோதனையை அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் நடத்தியபோது, தொடக்கத்தில் பாதியளவு இடங்கள் துடைக்கப்படாமலே இருந்தது தெரிந்தது. பயிற்சியளித்து, முடிவுகளைப் பணியாளர்களோடு பகிர்ந்துகொண்ட பிறகு துடைக்கப்பட்ட இடங்கள் நான்கில் மூன்று பங்கைத் தாண்டின. வேலையை அளந்து பார்த்து, செய்தவரிடமே அதைப் பற்றிப் பேசுவதும் மரியாதையின் ஒரு வடிவம் என்றே அதை எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு வடிவம் தடுப்பூசி. ரத்தம் படிந்த ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை போகலாம், எச்.ஐ.வி.க்கு அது சுமார் 0.3 விழுக்காடு. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 1980-களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. ஊசி போடுகிற மருத்துவரும் செவிலியரும் தாங்கள் பிடித்திருப்பது ஊசி என்று தெரிந்து பிடிக்கிறார்கள். குப்பைப் பையைத் தூக்குபவரும் படுக்கை விரிப்பை உதறுபவரும் யாரோ போட்ட ஊசியில், எந்த நோயாளியுடையது என்றுகூடத் தெரியாமல் குத்துப்படுகிறார்கள். ஒப்பந்தப் பணியாளர் என்ற காரணத்தாலேயே தடுப்பூசிப் பட்டியலில் பெயர் விடுபட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கொரு நாள் பொன்னாடை போர்த்திக் கைதட்டும் விழாவில் அவர்கள் பெயர் விடுபடுவதே இல்லை. என்னைக் கேட்டால் பொன்னாடையை விட்டுவிட்டு மூன்று தவணைத் தடுப்பூசியையும், ஊசி துளைக்காத கையுறையையும் கொடுக்கலாம்.

1968 பிப்ரவரியில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் குப்பை வண்டியின் அழுத்தும் இயந்திரத்தில் சிக்கி இரண்டு பணியாளர்கள் இறந்தார்கள். அதைத் தொடர்ந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் ஏந்திய பதாகையில் இருந்தது, "நான் ஒரு மனிதன்" என்ற ஒற்றை வரி. அவர்களிடையே மார்ச் மாதம் பேசிய மார்ட்டின் லூதர் கிங், குப்பை அள்ளுபவர் தம் வேலையைச் செய்யாவிட்டால் நோய் பெருகும் என்பதால் அவரும் மருத்துவருக்கு இணையாக முக்கியமானவரே என்ற கருத்தைச் சொன்னார். மருத்துவனாக நான் அதில் ஒரு திருத்தம் மட்டும் செய்வேன்: எங்கள் வேலை பெரும்பாலும் அவர்கள் விட்ட இடத்தில் தொடங்குகிறது.

ஆசிரியரும் உழவரும் செவிலியரும் தீயணைப்பு வீரரும் இந்தக் கேள்வியில் எங்கே வருகிறார்கள் என்று கேட்கலாம். எவருடைய மதிப்பையும் நான் குறைக்கவில்லை. எனக்கு நேரில் தெரிந்த வேலைகளைப் பற்றித்தான் பேசுகிறேன். ஒரு தொழிலுக்கு உண்மையில் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்பதை அளக்க நான் பயன்படுத்தும் அளவுகோல், அந்தத் தொழிலைச் செய்பவர் "வேண்டாம், நிறுத்துங்கள்" என்று சொன்னால் மற்றவர்கள் நிறுத்துகிறார்களா என்பது. அறுவை மருத்துவர் சொன்னால் கட்டடமே நிற்கிறது. தரை துடைப்பவர், "இன்னும் ஈரம் காயவில்லை, சற்றுப் பொறுங்கள்" என்று சொன்னால் நாம் காலை வைத்துவிட்டுப் போகிறோம்.

வாசகர்கள் தங்கள் வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இன்சுலின் ஊசியையும் சர்க்கரை பார்க்கும் ஊசிமுனையையும் வீட்டுக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். திருகுமூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து வைத்து, முக்கால் பங்கு நிறைந்ததும் இறுக மூடி, மருத்துவமனையிலோ மருத்துவக் கழிவு வாங்கும் இடத்திலோ ஒப்படையுங்கள். உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றி, மேலே எழுதி ஒட்டுங்கள். அந்தப் பைக்குள் கையை விடுபவரை நீங்கள் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை.

எங்கள் கிருமிநீக்கப் பிரிவில் ஒவ்வொரு காலையும் முதல் வேலையாக, நீராவியால் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தைக் காலியாக வைத்து, அதற்குள் ஒரு சோதனைத் தாளை வைத்து ஓட்டுவார்கள். உள்ளே காற்று முழுவதும் வெளியேறியிருந்தால்தான் 134 டிகிரி நீராவி கருவிகளின் இண்டு இடுக்கெல்லாம் புகும். தாள் ஒரே சீராக நிறம் மாறும். ஒரு நாள் தாளின் நடுப்பகுதி மட்டும் வெளிறி இருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத தொழில்நுட்பப் பணியாளர் இயந்திரத்தை நிறுத்தினார். மேலே அறுவை அரங்கில் ஏழு அறுவைகள் காத்திருந்தன. மூத்த மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் குரலை உயர்த்தினார். அந்தப் பெண் அதே வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "தாள் சரியாக வரும்வரை கருவி மேலே வராது, சார்." அன்றைக்கு இரண்டு அறுவைகள் தள்ளிப்போயின. கதவின் ரப்பர் விளிம்பில் கசிவு இருந்தது பிறகு தெரிந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், தோலைக் கீறுவதற்கு முன் கருவிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டதன் அடையாளத்தைச் செவிலியர் உறுதிசெய்ய வேண்டும் என்ற வரி உண்டு. அதே பட்டியலில், அறையில் இருக்கும் அனைவரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. அடித்தளத்தில் இருப்பவர்களின் பெயர் அங்கே வருவதில்லை. சில மாதங்களாக எங்கள் அரங்குகளில் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம்: கருவிப் பொதியின் மேல் அதைத் தயாரித்தவரின் பெயரை எழுதுகிறார்கள், செவிலியர் பொதியைப் பிரிக்கும்போது அந்தப் பெயரையும் வாய்விட்டுப் படிக்கிறார்.