பெல் அடித்தீர்கள், சரி. அவருக்குக் கேட்டதா?

“பெல் அடிச்சனே, அவதான் விலகேல்ல.”

காது கேட்கும் திறனைச் சோதிப்பது என் தொழில். சைக்கிள் மோதி விழுந்தவர்கள் முதலில் எலும்பு வைத்தியரிடம்தான் போகிறார்கள். பிளாஸ்டர் போட்டு வீக்கம் வற்றிய பிறகு, “காதையும் சமநிலையையும் ஒருக்கால் பார்க்கவும்” என்று எழுதிய துண்டோடு என்னிடம் அனுப்பப்படுகிறார்கள். கூட வரும் மகனோ மகளோ நடந்ததைச் சொல்லும்போது சைக்கிள்காரர் சொன்னதாக மேலே உள்ள வசனம் தவறாமல் வந்துவிடுகிறது. இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

கடைசியாக வந்தவர் எழுபதைக் கடந்த ஓர் அம்மா. காலையில் கொழும்பு மரைன் டிரைவில், கடற்கரைப் பக்க நடைபாதையில் நடந்துகொண்டிருந்திருக்கிறார். பின்னால் வந்த இளைஞர் பெல் அடித்திருக்கிறார். அம்மாவுக்கு ஏதோ சத்தம் கேட்டது. என்ன, எங்கே என்று தெரியவில்லை. வலத்தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். சைக்கிள் அந்த வலப்பக்கத்தால்தான் வந்தது. விழும்போது கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்தத் தம்பி ஓடிவிடவில்லை, தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஆனால் அவரும் சொன்னது அதே வசனம்தான். அதைவிட எனக்கு வலித்தது மகன் சொன்னது: “அம்மா யோசனையில நடந்திருப்பா.” அம்மா குற்றம் செய்தவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

அவருடைய ஓடியோகிராமை, அதாவது ஒவ்வொரு சுருதியும் எவ்வளவு சத்தத்தில் கேட்கத் தொடங்குகிறது என்று காட்டும் வரைபடத்தை, மகனுக்கு விரித்துக் காட்டினேன். அதில் ஹெர்ட்ஸ் எண் கூடக் கூடச் சுருதி உயரும்; கோடு கீழே இறங்க இறங்கக் கேட்பது குறைவு. 1000 ஹெர்ட்ஸ் வரை கோடு ஏறக்குறைய நேராக இருந்தது. 2000இல் இறங்கத் தொடங்கி 4000இல் 60 டெசிபலுக்குக் கீழே விழுந்திருந்தது. இந்த வயதில் நான் அடிக்கடி பார்க்கும் கோடு இதுதான். இன்று கடைகளில் கிடைக்கும் சின்னஞ்சிறு சைக்கிள் பெல்களின் ஓசை பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. அம்மாவின் காது எங்கே கைவிடுகிறதோ, பெல் சரியாக அங்கேதான் ஒலிக்கிறது.

இங்கேதான் என்னை அதிகம் எரிச்சலூட்டும் தவறான எண்ணத்துக்கு வருகிறேன். காது மந்தம் என்றால் வானொலியின் சத்தத்தைக் குறைத்து வைத்ததுபோல எல்லாமே மெதுவாகக் கேட்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வயதால் வரும் குறைபாடு உயர்ந்த சுருதியில்தான் முதலில் தொடங்கும். தாழ்ந்த சுருதி நெடுங்காலம் நன்றாகவே கேட்கும். அதனால் அவர்களோடு பேசலாம், சிரிக்கலாம், கோயில் மணி கேட்கும், பஸ்ஸின் உறுமல் கேட்கும். “அப்பாவுக்கு சூன் பாண்காரனின் பாட்டு ஒழுங்கை முனையிலேயே கேட்குதே, காது நல்லாத்தானே இருக்கு” என்று வாதாடும் பிள்ளைகளை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். முச்சக்கர வண்டியில் தெருத்தெருவாகப் பாண் விற்பவரின் அந்தப் பாட்டு ஒலிபெருக்கியில் வருகிறது, நிமிடக்கணக்கில் தொடர்கிறது, தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு வருகிறது. அப்பா அதை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறார். உங்கள் பெல் முதுகுக்குப் பின்னால், எதிர்பாராத கணத்தில், ஒரே ஒரு “டிங்” என்று ஒலித்து முடிந்துவிடுகிறது. இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

60 வயதைத் தாண்டியவர்களில் 25 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குச் செவிப்புலன் இழப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாலையில் சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி நடப்பவர்களைப் பாருங்கள். எத்தனை நரைத்த தலைகள்! அவர்களில் யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று பின்னாலிருந்து பார்த்துச் சொல்ல என்னாலேயே முடியாது.

“அப்ப இன்னும் சத்தமான ஹோர்ன் பூட்டினால்?” என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒலியை உணரும் உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் பழுதடைந்தவர்களுக்கு ஒரு விசித்திரமான தொல்லை உண்டு. மெல்லிய சத்தம் கேட்கவே கேட்காது; சத்தம் கொஞ்சம் கூடினால் திடீரென்று தாங்க முடியாததாகிவிடும். கேட்காததற்கும் அதிர்ச்சிக்கும் இடையே அவர்களுக்கு இருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. வீடுகளில் “கத்தாதே, எனக்குக் கேட்குது” என்று பாட்டிமார் கோபிப்பதும் இதனால்தான். பத்தடி தூரத்தில் மின் ஹோர்னை அலறவிட்டால் அந்த அம்மா விலகமாட்டார், துள்ளுவார். அந்த வயதில் துள்ளினால் விழுகைதான். சமநிலையைக் காக்கும் உறுப்பும் உட்செவியில்தான் இருக்கிறது. அதுவும் வயதோடு தளரும். தலையைச் சட்டென்று திருப்பினாலே தடுமாறுகிறவர்கள் பலர்.

ஏன் திரும்புகிறார்கள், ஒதுங்கினால் போதாதா என்பது அடுத்த கேள்வி. ஒரு சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுத்தான் மூளை அறிகிறது. வலப்பக்கச் சத்தம் வலக்காதுக்குச் சற்று முந்தி, சற்று உரக்க வந்து சேரும். முந்தும் நேரம் மிஞ்சிப்போனால் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது, ஆனாலும் மூளைக்கு அது போதும். சத்தம் நேர் பின்னாலிருந்து வந்தால் இரண்டு காதுக்கும் வித்தியாசமே இல்லை. முன்னாலா பின்னாலா என்று பிரித்துக் காட்டுவது காதுமடலின் மடிப்புகள். அவையும் உயர்ந்த சுருதிகளை வைத்தே வேலை செய்கின்றன. ஆகவே, மூத்தவர் ஒருவரின் நேர் பின்னால் வந்து அடிக்கப்படும் பெல் அவருக்கு இடமே இல்லாத சத்தம். கண்ணால் பார்க்காமல் அவருக்கு வேறு வழியில்லை. தலை திரும்பும் பக்கத்துக்கே தோளும் காலும் போகும். ஒரு காது மட்டும் கேட்பவர்களுக்கு இளவயதிலும் இதே நிலைதான்.

காதில் கருவி மாட்டியிருப்பவருக்கு எல்லாம் கேட்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். இரைச்சலான இடத்தில் பல கருவிகள் முன்னாலிருந்து வரும் பேச்சைத் தூக்கி, பின்னாலிருந்து வருவதை அமுக்கும்படி அமைக்கப்பட்டவை. எதிரில் இருப்பவரோடு உரையாட அது அருமையான உதவி. பின்னால் வரும் சைக்கிளுக்கு அல்ல. கடற்காற்று ஒலிவாங்கியில் அடிக்கும்போது நிலைமை இன்னும் மோசம். மரைன் டிரைவில் அலையும் காற்றும் போதாதென்று பக்கத்தில் ரயிலும் ஓடுகிறது.

சைக்கிள் ஓட்டுபவர்கள் மீது எனக்கு விரோதமில்லை. 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது கொழும்பு மறுபடி சைக்கிளில் ஏறியதைக் கண்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. தெருவின் இரைச்சலைக் குறைக்கும் எந்த வாகனமும் என் நோயாளிகளின் நண்பன். அந்த நண்பன் சத்தமில்லாமல் பின்னால் வருகிறான் என்பதுதான் பிரச்சினை.

பெல் அடிப்பதோடு உங்கள் வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் ஒரு செக்கனுக்கு 5 மீற்றர் கடக்கிறீர்கள். 5 மீற்றரில் பெல் அடித்தால் அவருக்கு நீங்கள் கொடுப்பது ஒரே ஒரு செக்கன். கேட்டு, இது சைக்கிள் என்று விளங்கி, எங்கே ஒதுங்குவது என்று தீர்மானித்து, காலை நகர்த்த அது போதாது. 20 மீற்றரில் ஒருமுறை அடியுங்கள், நான்கு செக்கன் கிடைக்கும். தூரத்திலிருந்து அடிப்பது மெல்லியதாகவே போய்ச் சேரும். தூரம் இரட்டிப்பானால் திறந்தவெளியில் சத்தம் 6 டெசிபல் குறையும். ஆகவே 10 மீற்றரில் இன்னொரு தடவை அடியுங்கள். இதற்கிடையில் மிதிப்பதை நிறுத்தி, பிரேக்கில் விரலை வைத்திருங்கள். அவர் தலையசைத்தாரா, கையைக் காட்டினாரா, ஓரமாக ஒதுங்கினாரா என்று பாருங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் அவருக்குக் கேட்கவில்லை. திமிரில் விலகாமல் நடக்கிறார் என்று நினைத்து வேகத்தைக் கூட்டாதீர்கள். நடை வேகத்துக்கு இறங்கி, வாயைத் திறந்து கூப்பிடுங்கள்.

குரல் பெல்லைவிடப் பல நேரங்களில் நல்லது. “அம்மா”, “ஐயா” என்று நீட்டிக் கூப்பிட்டால் அந்த உயிரெழுத்துகளின் வலு தாழ்ந்த சுருதியில் இருக்கிறது, காது மந்தமானவருக்கும் போய்ச் சேரும். “எக்ஸ்கியூஸ் மீ” என்பதில் இருக்கும் சீறல் ஒலிகள்தான் அவர்களுக்கு முதலில் தொலைந்துபோனவை. கூப்பிட்ட பிறகு வெறுமனே “வலப்பக்கம்” என்று கத்தவும் வேண்டாம். பாதிப் பேர் வலப்பக்கம் ஒதுங்கச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். “நீங்க அப்படியே நடங்க, நான் மெதுவா போறன்” என்பது போதும். சிங்களமோ தமிழோ, அந்தத் தொனி எல்லோருக்கும் விளங்கும். கடக்கும்போது ஒரு கை நீளத்துக்கு மேல் இடம் விடுங்கள். இடமில்லையா, இறங்கித் தள்ளுங்கள். வெள்ளவத்தையில் காலி வீதி நடைபாதையில், கடைச் சாமான்களுக்கும் மரக்கறிப் பைகளுக்கும் நடுவே பெல் அடித்துக்கொண்டு ஓட்டுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

பெல் வாங்கப் போகிறவர்கள், கட்டைவிரலால் தள்ளினால் “கிரிங் கிரிங்” என்று தொடர்ந்து ஒலிக்கும் பெரிய வட்டப் பெல்லைத் தேடி வாங்குங்கள். அழகுக்காகச் செய்த பித்தளைக் குமிழைவிட அது பலமடங்கு பயன்படும். நீண்டு தொடரும் ஒலியைக் காது எளிதில் பிடித்துக்கொள்ளும். பெரிய கிண்ணத்தின் ஓசை சுருதியிலும் சற்றுத் தாழ்ந்தது.

சிறு பிள்ளைகள் முன்னால் இருந்தால் பெல்லை நம்பவே வேண்டாம். சத்தம் கேட்டதும் பாதிப் பிள்ளைகள் அம்மாவிடம் ஓடும், அம்மா பாதையின் மறுபக்கத்தில் நிற்பார். காதில் இயர்பட்ஸ் போட்ட இளைஞர்களும் இதே கணக்குத்தான். இரைச்சலை அடக்கும் வகை என்றால் நீங்கள் அடிப்பது அவர்களைச் சென்றடையாமலே போகலாம். இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கழற்றுங்கள். “பாத்துப் போ தம்பி” என்று அந்த ஐயா சொல்வது உங்களுக்குக் கேட்க வேண்டாமா?

நடப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரே கோட்டில், ஒரு பக்கமாக நடங்கள். இரண்டு பேர் மூன்று பேராகப் பாதையை அடைத்துக்கொண்டு நடக்க வேண்டாம். சத்தம் கேட்டுத் திரும்ப வேண்டியிருந்தால் முதலில் நில்லுங்கள், பிறகு திரும்புங்கள். நின்று திரும்புபவர் விழுவது குறைவு, சைக்கிள்காரருக்கும் அவரைச் சுற்றிப் போவது எளிது.

பிள்ளைகளே, அப்பாவோ அம்மாவோ பெல்லுக்கு விலகவில்லை என்று யாராவது முறையிட்டால் அவர்களைத் திட்டாதீர்கள். பெண்களும் குழந்தைகளும் பேசுவது மட்டும் விளங்கவில்லை என்கிறாரா, தொலைபேசியை எப்போதும் ஒரே காதில் வைக்கிறாரா, ரிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாரா என்று கவனியுங்கள். அரச ஆஸ்பத்திரிகளின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குகளில் காசில்லாமல் பார்க்கலாம். கூட்டிவருவதற்கு முன் காதில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பட்ஸ் போட்டுக் கிண்டாதீர்கள். சிலருக்குக் குறும்பி அடைத்திருப்பதே காரணமாக இருக்கும். அதை எடுத்த பிறகுதான் நான் சோதனையைத் தொடங்கவே முடியும்.