செர்னோபில் ஓநாய்கள் பெருகியிருக்கின்றன, அதனால் கதிர்வீச்சு தீங்கில்லையா?

உக்ரைனில் அணு உலை வெடித்த செர்னோபிலைச் சுற்றிய காட்டில் ஓநாய்கள் பெருகிவிட்டன என்ற செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை எனக்கு வாட்ஸப்பில் வந்துவிடும். அனுப்புகிறவர்கள் கேட்பதும் ஒன்றுதான்: "அப்போ கதிர்வீச்சு ஒண்ணும் பண்ணாதா?" விலங்குகளின் எண்ணிக்கை எப்படிக் கூடும், குறையும் என்று கணினி மாதிரிகளில் கணக்கிடுவது என் தொழில். அதனாலேயே இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை.

செய்தி பொய்யல்ல. பெலாரஸ் பக்கம், மக்கள் வாழத் தடை செய்யப்பட்ட பகுதியில் எல்க் என்ற பெரிய மான், ரோ மான், செம்மான், காட்டுப்பன்றி எல்லாம் மாசுபடாத காப்புக்காடுகளில் உள்ள அளவுக்கே இருக்கின்றன, ஓநாய் மட்டும் ஏழு மடங்குக்கும் அதிகம் என்று 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆனால் உலை வெடித்த 1986 ஏப்ரல் 26-க்குப் பிறகு அங்கே கூடியது கதிர்வீச்சு மட்டுமா? அந்த ஆண்டே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். உழவு நின்றது, வேட்டையும் பெரிதும் ஓய்ந்தது. ஆள் நடமாட்டம் போனதால் வந்த நன்மையும் கதிர்வீச்சால் வந்த கேடும் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கின்றன.

இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் மாதிரி. ஒவ்வொரு வயதிலும் எத்தனை விலங்குகள் அடுத்த ஆண்டைப் பார்க்கும், எத்தனை குட்டி போடும் என்று எழுதிக்கொண்டு, கதிர்வீச்சு அவற்றை எவ்வளவு குறைக்கும் என்று சேர்ப்போம். கொல்லும் அளவுக்கு வெகு கீழேயே கதிர்வீச்சு இனப்பெருக்கத்தில் கை வைத்துவிடும். ஆண்டுக்குப் பல ஈற்று ஈனும் காட்டெலியின் குட்டிகளில் ஐந்தில் ஒன்று குறைந்தால் எண்ணிக்கையில் அது தெரியாமலே போகலாம், மிச்சக் குட்டிகளுக்கு இரையும் இடமும் கூடுதலாகக் கிடைக்கும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு கன்று மட்டும் போடும் எல்குக்கு அந்தத் தாராளம் கிடையாது.

எல்லா உயிருக்கும் ஒரே வரம்பு வைப்பதும் ஆபத்து. முதற்கட்ட மதிப்பீட்டில் மணிக்கு 10 மைக்ரோகிரே என்ற அளவைப் பரவலாகப் பயன்படுத்துகிறோம் (கிரே என்பது உடல் உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு; ஆயிரம் மைக்ரோகிரே ஒரு மில்லிகிரே). 24 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் நாளுக்கு 0.24 மில்லிகிரே. சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் மானுக்குக் கவனம் தேவை என்று குறித்த பட்டை நாளுக்கு 0.1 முதல் 1 மில்லிகிரே வரை. நம் வரம்பு அதற்குள்ளேயே விழுகிறது! தேனீக்கு அதே பட்டை 10 முதல் 100 மில்லிகிரே. மரங்களிலும் இப்படித்தான்: விபத்துக்குப் பின் உலைக்கு அருகே பைன் மரங்கள் துருநிறமாகிச் செத்தன, அவற்றுக்கு நடுவே நின்ற பிர்ச் பல பிழைத்தன.

என் ஆரம்பகால மாதிரி ஒன்றில் பகுதி முழுவதற்கும், விபத்தில் மண்ணில் படிந்த கதிரியக்கப் பொருளான சீசியத்தின் சராசரி அளவைப் போட்டிருந்தேன். பிழை அங்கேதான் இருந்தது. செர்னோபில் மண்ணில் மாசு திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. காட்டெலி ஒரு திட்டிலேயே வாழ்ந்து முடித்துவிடும், ஓநாய் பல திட்டுகளைக் கடந்து திரியும். ஓநாய்களுக்குக் கழுத்துப்பட்டையில் ஜிபிஎஸ்ஸும் கதிர்வீச்சுமானியும் கட்டிப் பார்த்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. ஒரே காட்டின் ஓநாய்களுக்குள்ளேயே அளவு வெகுவாக வேறுபட்டது. இப்போது சராசரியை மட்டும் காட்டும் வரைபடத்தை நான் மாதிரிக்குள் விடுவதில்லை.

இன்னொரு சிக்கல், இடப்பெயர்ச்சி. அங்கிருந்து கிளம்பிய இளம் ஓநாய் ஒன்று 369 கிலோமீட்டர் தள்ளிப் போனது 2018-இல் பதிவாகியிருக்கிறது. வெளியே போக முடிந்தால் வெளியிலிருந்து உள்ளே வரவும் முடியும். குட்டிகள் போதாமல் போகும் இடத்தை வந்தேறிகள் நிரப்பினால் எண்ணிக்கை குறையாது. அதனால் மாதிரியில் வெளியிலிருந்து விலங்குகள் வருவதை அடைத்துவிட்டு ஐம்பது ஆண்டுகள் ஓட்டிப் பார்க்கிறேன். அப்படி ஓட்ட எத்தனை குட்டி பிறந்தது, எத்தனை ஓராண்டைத் தாண்டியது என்ற தரவு வேண்டும். 2015 ஆய்வின் ஓநாய்க் கணக்கு பனியில் பதிந்த கால்தடங்களை எண்ணி எடுத்தது. தடத்தை வைத்து அந்த ஓநாய் எங்கே பிறந்தது, எத்தனை குட்டி ஈன்றது என்று சொல்ல முடியாது.