இன்சர்ட் பொருத்தியாயிற்று, முன்னால் இருக்கும் தரையை அளந்தீர்களா?

ஒன்டாரியோவில் பழைய வீடோ ஏரிக்கரையில் ஒரு கொட்டேஜோ வாங்குகிறவர்களில் பலர், அங்கிருக்கும் செங்கல் ஃபயர்பிளேசுக்குள் விறகு இன்சர்ட் ஒன்றை, அதாவது கதவு வைத்த இரும்பு அடுப்புப் பெட்டி ஒன்றை, பொருத்துகிறார்கள். நல்ல யோசனைதான். திறந்த ஃபயர்பிளேசில் சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகப் போய்விடும். இன்சர்ட் இருந்தால் அறை சூடாகும், விறகும் மிச்சம். ஆனால் காப்புறுதிக்காக இந்த வீடுகளைச் சோதிக்கப் போகும்போது நான் முதலில் குனிந்து பார்ப்பது இன்சர்ட்டை இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் தரையை.

பழைய ஃபயர்பிளேசுக்கு முன்னால் கல்லோ டைல்ஸோ பதித்த ஒரு பகுதி இருக்கும். பல வீடுகளில் அது முன்பக்கமாக நீளும் அளவு 16 அங்குலம். அதுவே போதும் என்று வீட்டுக்காரர் நினைத்துவிடுகிறார். விறகடுப்புகளைப் பொருத்துவதற்கான கனடாவின் பி365 விதி கேட்பது, விறகு போடும் பக்கத்தில் எரியாத தரை 450 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 18 அங்குலம். மற்றப் பக்கங்களில் 200 மில்லிமீட்டர். உங்கள் மாடலின் கையேடு இதைவிடக் கூடுதலாகக் கேட்டால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். அளவைச் செங்கல் முகப்பிலிருந்து எடுக்காதீர்கள், இன்சர்ட்டின் கதவிலிருந்து எடுங்கள். இன்சர்ட் 5 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த 16இல் மிஞ்சுவது 11தான். குறைகிற 7 அங்குலமும் லாமினேட்டாகவோ கார்பெட்டாகவோ இருக்கும். கதவைத் திறந்து விறகைப் புரட்டும்போது தணல் தெறித்து விழுவதும் அங்கேதான்.

தணலைத் தடுப்பது ஒன்று, சூட்டைத் தடுப்பது வேறொன்று. சில இன்சர்ட்டுகளுக்குத் தணல் தடுப்பு மட்டும் போதும் என்று கையேடு சொல்லும்; அதற்கு எரியாத பரப்பு ஒன்று இருந்தால் சரி. வேறு சிலவற்றுக்கு இவ்வளவு ஆர் மதிப்பு (ஒரு பொருள் சூட்டை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண்) வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அங்கே பிளைவுட்டின் மேல் டைல்ஸ் மட்டும் ஒட்டினால் போதாது. டைல்ஸ் எரியாது, ஆனால் சூட்டைக் கீழே விட்டுவிடும். 4 அங்குலச் சாதாரணச் செங்கலுக்கே ஆர் மதிப்பு ஏறத்தாழ 0.8தான் என்றால் மெல்லிய டைல்ஸுக்கு என்ன இருக்கும்? அதனால்தான் அடியில் வெப்பத்தடுப்புப் பலகை போடுகிறோம். ஒவ்வோர் அடுக்கின் மதிப்பையும் கூட்டி, கையேடு கேட்கும் எண்ணை எட்ட வேண்டும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. மரம் நீண்ட காலம் சூட்டில் கிடந்தால் உலர்ந்து கருகி, புது மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடும். பல குளிர்காலம் ஒன்றும் நடக்காமல் போகலாம், மேலே டைல்ஸ் பளிச்சென்று இருக்கலாம், அடியில் மரம் மெல்லக் கருகிக்கொண்டிருக்கும். சில பழைய வீடுகளில், ஃபயர்பிளேசுக்கு அடியில் கொங்கிரீட் ஊற்றியபோது அதைத் தாங்க அடித்த மரப் பலகைகளை அப்படியே விட்டிருப்பார்கள். முடிந்தால் பேஸ்மென்டில் இறங்கி, ஃபயர்பிளேசுக்கு நேர் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். பலகை தெரிந்தால் இன்சர்ட்டை மூட்டுவதற்கு முன் அதை அகற்ற வழி பாருங்கள்.

இந்த எரியாத தரைப் பரப்பை, அதாவது பேடை, போடும்போது கார்பெட்டை வெட்டி எடுத்துவிட்டு உறுதியான தரைமேல் போடுங்கள். பழைய கல்லுக்கும் புதுப் பேடுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் தணல் அதற்குள்தான் போய் உட்காரும்; எரியாத பொருளால் அதை அடைத்துவிடுங்கள். கடையில் விற்கும் ஃபயர்பிளேஸ் விரிப்பு சிறு பொறிக்கு உதவும், பேடுக்குப் பதிலாகாது.

அப்புறம், டைல்ஸ் ஒட்டிவிட்டால் அடியில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, காப்புறுதிக்காரருக்கும் தெரியாது. ஒவ்வோர் அடுக்கையும் போடும்போதே, பக்கத்தில் அளவு நாடாவை வைத்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலகையின் ரசீதையும் ஆர் மதிப்பு அச்சிட்ட லேபிளையும் கையேட்டோடு சேர்த்து வையுங்கள். இன்சர்ட் பொருத்த நகராட்சியின் கட்டட அனுமதி வேண்டும். அதை வேலை தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.