பாறையில் ஓடி ஏறும் கௌதாரி

லடாக் போய்வந்த வாசகர் ஒருவர் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். ஹெமிஸ் பக்கம், சரளையும் பாறையுமாக ஒரு சரிவு. ஆளைக் கண்டதும் கௌதாரிக் கூட்டம் ஒன்று மேல்நோக்கி ஓடுகிறது. இறக்கையைப் படபடவென்று அடிக்கிறது, ஆனால் கால் பாறையை விடவில்லை. “பறக்கத் தெரியும்தானே, அப்புறம் ஏன் ஓடுகிறது? ஓடுவதென்றால் இறக்கையை எதற்கு அடிக்கிறது?” என்று கேட்டிருந்தார்.

அது சுக்கார் கௌதாரி. துருக்கியிலிருந்து இமயமலை வழியாகச் சீனம் வரை, மரம் குறைந்த பாறைச் சரிவுகளில் வாழ்வது. பாகிஸ்தானின் தேசியப் பறவை. சிவந்த அலகு, சிவந்த கால், கண் வழியே இறங்கித் தொண்டையைச் சுற்றும் கறுப்புப் பட்டை. நிலவொளியைக் குடித்து உயிர்வாழ்வதாகக் காவியங்கள் சொல்லும் சகோரம் இதுதான் என்பார்கள். நஞ்சு கலந்த சோற்றைக் கண்டால் இதன் கண் நிறம் மாறும் என்றும் ஒரு காலத்தில் நம்பினார்கள். அதெல்லாம் வெறும் கதை. விதை, புல், பூச்சி, இவைதான் இதன் சாப்பாடு.

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். கௌதாரியின் நெஞ்சுத் தசை திடீரென்று வெடித்துக் கிளம்புவதற்கானது, சீக்கிரம் களைத்துவிடும். உடல் எடையைத் தூக்கிக்கொண்டு மேல்நோக்கிப் பறப்பது அதற்குக் கட்டுப்படியாகாது. வேட்டைக்காக இந்தப் பறவையைக் கொண்டுபோய் விட்ட அமெரிக்காவின் நெவாடா மலைகளில், ‘மேலே ஓடும், கீழே பறக்கும்’ என்பது வேட்டைக்காரர்களுக்குப் பாலபாடம்.

இரண்டாவது கேள்விதான் ருசியானது. சமதளத்தில் உடல் எடை முழுவதும் பாதத்தைத் தரையோடு அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் உராய்வுக்கு ஆதாரம். 60 டிகிரி சரிவில் அது பாதியாகிவிடும். 90 டிகிரியில் சுழி. கால் எவ்வளவு வலுவாக இருந்தாலும் வழுக்கத்தான் செய்யும். பனையேறியைப் பாருங்கள். கையால் மரத்தை அணைத்து உடம்பைத் தண்டை நோக்கி இழுக்கிறார். அதனால் தளை போட்ட பாதம் தண்டில் அழுந்துகிறது. கௌதாரிக்கு அணைத்துப் பிடிக்க எதுவும் இல்லை. அதனால் அது காற்றைத் தள்ளுகிறது. ஒவ்வொரு இறக்கை அடியிலும் எழும் விசையின் ஒரு பங்கு உடலை மேலே தூக்குகிறது, மறு பங்கு உடலைப் பாறையோடு சேர்த்து அழுத்துகிறது. பறப்பதற்கென்று நாம் நினைத்திருந்த இறக்கை, இங்கே பாதத்துக்குப் பிடிமானம் கொடுக்கிறது.

இதைக் கண்டுபிடித்து 2003இல் வெளியிட்டவர் அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் டயல். தரையில் விட்டிருந்த குஞ்சுகள் ஏறி நிற்க வைக்கோல் கட்டுகளை வைத்தபோது, அவை பறந்து ஏறாமல் இறக்கையை அடித்தபடியே ஓடி ஏறின. பிறகு சாய்கோணத்தை மாற்றக்கூடிய பலகைகளை வைத்துச் சோதித்தார்கள். பொரித்து நாலு நாள்கூட ஆகாத குஞ்சு 45 டிகிரி சரிவில் ஏறிவிடுகிறது. இருபது நாளில் செங்குத்துச் சுவர். வளர்ந்த பறவை 105 டிகிரி வரை, அதாவது தலைப்பக்கம் கவிந்து நிற்கும் சுவரிலும் ஓடுகிறது! சிறகைக் கத்தரித்த குஞ்சுகள் அதைவிடக் குறைந்த சரிவிலேயே தடுமாறின. பலகை வழவழப்பாக இருந்தால் முழுச் சிறகு உள்ளவையும் திணறின. விஷயம் பிடிமானம்தான் என்பதற்கு இது போதும். உடலில் பொருத்திய முடுக்கமானிகளும் (வேக மாற்றத்தை அளக்கும் கருவிகள்) பறவை பலகையை நோக்கித் தள்ளப்படுவதையே காட்டின.

2007இல் இன்னொரு சோதனை. ஆலிவ் எண்ணெயை நுண்துளிகளாகக் காற்றில் பரப்பி, லேசர் ஒளியில் அவை சுழல்வதைப் படம் பிடித்தார்கள். ஒரு வாரக் குஞ்சின் வளராத இறக்கைகூட காற்றில் சுழல்களை உண்டாக்கி விசை தருவது தெரிந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வு என்னை இன்னும் அசத்தியது. சரிவில் ஏறும்போது பறவையின் உடல் நிமிர்ந்துகொள்கிறது. உடலை வைத்துப் பார்த்தால் இறக்கை தலைப்பக்கமிருந்து வால்பக்கமாக அடிப்பதுபோல் இருக்கும். புவியீர்ப்புத் திசையை வைத்து அளந்தால், ஏறும்போதும் இறங்கும்போதும் நேராகப் பறக்கும்போதும் இறக்கை வீச்சின் கோணம் ஏறக்குறைய ஒன்றே. குஞ்சுக்கும் தாய்க்கும்கூட அப்படித்தான். அதாவது பறப்பதற்கென்று புதிதாக ஒரு வீச்சைக் குஞ்சு கற்கவே வேண்டியதில்லை.

‘கௌதாரியை ஓடவிட்டுப் பார்க்க அரசாங்கக் காசா?’ என்று கேட்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பலகை, கேமரா, கொஞ்சம் வைக்கோல் என்று தொடங்கிய வேலை இது. இமயமலை நம்மிடம், பறவையும் நம்மிடம். ஆனால் கேள்வியை மொன்டானாவில் கேட்டார்கள். உடனடிப் பயன் என்ன என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லும் விண்ணப்பப் படிவங்களை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட கேள்விகளை நாம் கேட்க முடியாது.

பயன் என்று பார்த்தால், 1871இல் ஆங்கிலேய உயிரியலாளர் செயின்ட் ஜார்ஜ் மிவார்ட் டார்வினை மடக்கக் கேட்ட கேள்வியின் வழியில் வந்ததுதான் ‘இறக்கை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உருவானது என்றால், பாதி இறக்கையால் என்ன பயன்?’ என்பதும். நரியிடமிருந்து தப்பப் பாறை மேல் ஏறும் குஞ்சுக்குப் பாதி இறக்கை உயிரையே காக்கிறது. இறகு முளைத்த டைனோசர்களும் இப்படித்தான் ஏறிப் பறக்கத் தொடங்கின என்பது டயலின் கருத்து. அங்கேதான் சண்டை. டைனோசருக்கும் பறவைக்கும் இடைப்பட்ட தொல்லுயிரான ஆர்க்கியோப்டெரிக்ஸின் தோள்மூட்டு முதுகுக்கு மேல் இறக்கையைத் தூக்க இடம் கொடுக்காது என்று எலும்பு ஆய்வாளர்கள் சிலர் மறுக்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் நியாயமாகவே படுகிறது.

உயிரோடு இருக்கும் பறவைகளே எல்லாம் ஒரு மாதிரி இல்லை. ஆஸ்திரேலியாவின் புதர் வான்கோழிக் குஞ்சு, மக்கும் இலைதழை மேட்டுக்குள் பொரிந்து, மண்ணைத் தள்ளிக்கொண்டு முழுச் சிறகோடு வெளியே வருகிறது. செங்குத்தில் ஓடி ஏறுவதில் அப்போதே கெட்டி. வளர்ந்து எடை கூடக் கூட, அந்தத் திறமை அதற்குக் குறைந்துகொண்டே போகிறது.