காலிக் கட்டமும் பூஜ்யமும் ஒன்றல்ல

தன்னார்வலர்கள் அனுப்பும் மழை அளவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. காலையில் கணினியைத் திறந்ததும் பெரிய எண்களுக்கு முன்னால் என் கண் போவது காலிக் கட்டங்களுக்குத்தான். வெள்ளி காலி, சனி காலி, ஞாயிறு காலி, திங்கள் 96 மி.மீ. இப்படி ஒரு வரி வந்தால் அன்றைய பாதிப் பொழுது அதிலேயே போய்விடும். மூன்று நாள் பெய்யாமல் கடைசி நாளில் கொட்டித் தீர்த்ததா? அல்லது அவர் ஊரில் இல்லாமல் போய், மழைமானியில் சேர்ந்திருந்த நாலு நாள் தண்ணீரைத் திரும்பி வந்து ஒன்றாக அளந்தாரா? முதலாவது கனமழை. இரண்டாவது ஆற அமரப் பெய்த சாதாரண மழை. தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பொதுமக்களே அளந்து தரவு அனுப்பும் இந்த முறைக்குக் குடிமக்கள் அறிவியல், கிரவுட்சோர்சிங் என்று பெரிய பெயர்கள் இருக்கின்றன. புதிதாகச் சேருபவர்களிடம் நான் முதலில் சொல்வது சின்ன விஷயம்: மழை பெய்யாத நாளில் பூஜ்யம் போடுங்கள். “ஒன்றும் நடக்கவில்லையே, எதை எழுதுவது?” என்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்பதைத்தான்! வறட்சியைக் கணக்கிடுவதே இந்தப் பூஜ்யங்களை வைத்துத்தான்.

மழை எவ்வளவு ஓரவஞ்சனை செய்யும் என்பதற்கு 1997 ஜூலை 28 நல்ல பாடம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஃபோர்ட் காலின்ஸ் நகரின் மேற்கு ஓரத்தில் ஒரு நாளுக்குச் சற்று அதிகமான நேரத்துக்குள் 14 அங்குலத்துக்கும் மேல் மழை. அதே நகரின் வேறு பகுதியில் ஏறக்குறைய 2 அங்குலம்தான். வெள்ளத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். எங்கே எவ்வளவு பெய்தது என்பதை அறிய, வெள்ளம் வடிந்த பிறகு பொதுமக்களிடம் கேட்டுத்தான் வரைபடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. அந்த அனுபவத்திலிருந்து 1998-இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிறந்ததுதான் கோகோராஸ் என்ற தன்னார்வலர் வலையமைப்பு. நாலு அங்குல விட்டமுள்ள பிளாஸ்டிக் மானி, அதன் நடுவே ஒரு மெல்லிய குழாய். குழாயின் வாய்ப்பரப்பு மானியின் வாயில் பத்தில் ஒரு பங்கு. அதனால் ஒரு பங்கு மழை குழாயில் பத்து மடங்கு உயரமாக நிற்கும், சிறு தூறலையும் வாசிக்கலாம். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். அமெரிக்க அரசின் தேசிய வானிலை சேவை இந்த எண்களை வெள்ள எச்சரிக்கைக்கு எடுத்துக்கொள்கிறது. அந்த அரசுக்கு இது புதிதும் இல்லை. அதன் சொந்தத் தன்னார்வலர் திட்டம் 1890-இலிருந்து நடக்கிறது.

மழையை அளக்கத்தான் ரேடார் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. பூமி வளைந்தது, ரேடாரின் கற்றை தூரம் போகப் போகத் தரையை விட்டு மேலே ஏறிவிடும். அங்கே பனியாக இருப்பது உங்கள் தலையில் மழையாக விழுகிறதா என்பதைக் கீழே நிற்கும் மனிதர்தான் சொல்ல முடியும்.

நிலநடுக்கத்திலும் இதே கதைதான். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1999 முதல் “உணர்ந்தீர்களா?” என்று இணையத்தில் கேட்டுவருகிறது. 2011-இல் வர்ஜீனியாவில் 5.8 அளவில் நிலம் ஆடியபோது 1,40,000-க்கும் மேற்பட்டவர்கள் பதில் அனுப்பினார்கள். “இல்லை, உணரவில்லை” என்ற பதிலும் அங்கே கணக்கில் வருகிறது. அதிர்வு எந்த எல்லையோடு நின்றது என்பதை அது காட்டும். ஆனால் ஒன்றும் உணராதவர் படிவம் தேடி வந்து நிரப்புவது அபூர்வம்.

தவறுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரின் மேற்பரப்பு குழாயில் சற்றுக் குழிந்து நிற்கும். கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்து குழியின் அடிப்பகுதியை வாசிக்க வேண்டும். நின்றபடி குனிந்து பார்த்தால் அளவு மாறும். அப்புறம், மனிதர்களுக்கு 5, 10 என்று முடியும் எண்கள் மீது ஒரு பிரியம். அமெரிக்கத் தன்னார்வலர்களின் பழைய பதிவுகளை ஆராய்ந்தபோதும் இது தெரிந்தது. கூடவே, மிகச் சிறிய மழைகள் பதிவாகாமலே போவதும்.

பெரிய தவறு ஒன்று நான் செய்தது. ஒரு பெண்மணி 81 மி.மீ. என்று அனுப்பியிருந்தார். சுற்றியிருந்த ஐந்து மானிகளில் இரண்டில் பூஜ்யம், மூன்று காலி. தசமப் புள்ளி விட்டுப்போயிருக்கும் என்று நானே 8.1 ஆக்கிவிட்டேன். மறுநாள் தொலைபேசியில் வந்தார். கோபப்படவில்லை. “சார், குழாய் நிறைந்து வெளிமானியில் வழிந்திருந்தது, அதையும் ஊற்றி ஊற்றி அளந்தேன். நீங்கள் வந்து பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். அந்த வாரக் கடைசியில் காலியாக இருந்த இரண்டு கட்டங்கள் நிரம்பின: 74, 60. காலியைப் பூஜ்யமாக எண்ணியது நான். அன்றிலிருந்து, அனுப்பியவரிடம் கேட்காமல் எந்த எண்ணையும் திருத்துவதில்லை.

அரசு அலுவலகங்கள் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. அமெரிக்காவில் இத்தகைய திட்டங்களை நடத்த அரசுத் துறைகளுக்கு வெளிப்படையான அதிகாரம் தரும் சட்டம் 2017-இல் வந்தது. சட்டம் சரி. தரவு அனுப்பியவருக்கு அது எங்கே பயன்பட்டது என்று சொல்லும் பழக்கம் எத்தனை அலுவலகங்களில் இருக்கிறது? பதிலே வராத பெட்டியில் ஒருவர் எத்தனை நாள் கடிதம் போடுவார்?

நீங்கள் சேர நினைத்தால், உங்கள் வீட்டு இருப்பிடம் பொது வரைபடத்தில் எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அளங்கள். நாலு நாள் வெளியூர் போய்வந்தால், சேர்ந்த தண்ணீரை ஒரு நாள் கணக்கில் எழுதாமல் பல நாள் மொத்தம் என்று தனியாகக் காட்டுங்கள். கோகோராஸில் அதற்கென்றே ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். உங்கள் திட்டத்தில் அப்படி ஒன்று இல்லையென்றால் குறிப்புப் பகுதியில் ஒரு வரி போதும்: “ஊரில் இல்லை.”